சாம்பல் கிளி: சிறு விவசாயிக்கு உபதொழில் ஆகுமா?

விளைச்சலை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாத நிலையில், உபதொழில் என்ற சொல் சிறு விவசாயியின் காதில் இனிமையாகவே விழும். கறவை மாடு, வெள்ளாடு, பட்டுப்புழு, பிராய்லர் கோழி என்று திருப்பூர் மாவட்டத்து விவசாயிகள் முயன்று பார்க்காத உபதொழில் இல்லை எனலாம். இவற்றுள் பல, குடும்பங்களைக் கரையேற்றியிருக்கின்றன. சில, கடனில் தள்ளியும் இருக்கின்றன. இந்த வரிசையில் இப்போது வெளிநாட்டு அலங்காரப் பறவை வளர்ப்பும் வந்து சேர்ந்துள்ளது. லவ் பேர்ட்ஸ், காக்டெயில் என்று சிறு அளவில் தொடங்கும் ஆசை, கடைசியில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியில் வந்து நிற்கிறது. ஒரு ஜோடி வாங்கி வைத்தால் போதும், ஒவ்வொரு குஞ்சும் ஒரு நல்ல கறவை மாட்டின் விலைக்குப் போகும் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு.

இந்தப் பேச்சை நம்பிப் பணம் போடுமுன், இப்பறவையின் தன்மை என்ன, அதற்கு என்ன தேவை, அத்தேவைகள் பனியன் வட்டாரத்து வீடுகளில் கிடைக்குமா என்பதைச் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியம்.

எத்தகைய பறவை?

மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளே சாம்பல் கிளியின் தாயகம். உடல் முழுவதும் சாம்பல் நிறம், வால் மட்டும் செக்கச்செவேல் என்றிருக்கும். நீளம் சுமார் ஓர் அடி. எடை 400 முதல் 500 கிராம். பேச்சைத் திருப்பிச் சொல்வதில் இதற்கு ஈடான பறவை அரிது. வெறுமனே திருப்பிச் சொல்வதோடு இதன் அறிவு நின்றுவிடுவதில்லை. அமெரிக்க விஞ்ஞானி ஐரீன் பெப்பர்பெர்க் 1977ஆம் ஆண்டில் கடையில் வாங்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, 2007இல் இறக்கும் வரை 30 ஆண்டுகள் ஆராய்ச்சிக்கு உட்படுத்தப்பட்டது. சுமார் 50 பொருள்களின் பெயர்களையும், நிறங்களையும், வடிவங்களையும் அது அறிந்திருந்தது. ஆறு வரை எண்ணவும் செய்தது.

இந்த அறிவே இதனை வளர்ப்பதில் உள்ள சிரமத்துக்கும் காரணம். காட்டில் இது பெருங்கூட்டமாக வாழும் பறவை. கூட்டத்திலிருந்து பிரித்துக் கூண்டில் அடைத்தால், வீட்டு மனிதர்களே அதன் கூட்டம். அவர்களும் நாள் முழுவதும் இல்லாமற் போனால் பறவை ஏங்குகிறது, கூச்சலிடுகிறது, தன் இறகுகளைத் தானே பிடுங்கிப் போடுகிறது. நெஞ்சும் வயிறும் மொட்டையாகி நிற்கும் சாம்பல் கிளியைக் கண்டு சொறி என்று எண்ணி மருந்து தடவுவோர் உண்டு. பேன், தோல் நோய், தீவனக் குறைவு ஆகியவையும் காரணமாகலாம். ஆனால் பல கிளிகளுக்குத் தனிமையே நோய். அதற்கு மருந்துக் கடையில் மருந்து கிடையாது.

ஆயுளையும் கருத வேண்டும். நன்கு பராமரிக்கப்படும் சாம்பல் கிளி 40, 50 ஆண்டுகள் வாழும். ஐம்பது வயது விவசாயி ஒருவர் குஞ்சாக வாங்கினால், அக்கிளி அவருக்குப் பிறகும் இருக்கும். அடுத்த தலைமுறையில் யார் பார்ப்பது என்று முடிவு செய்த பின்னரே வாங்க வேண்டிய உயிர் இது.

வரவு செலவுக் கணக்கு

கறவை மாடு வாங்கினால் மறுநாளே பால் கறக்கலாம். நாட்டுக்கோழி ஆறு, ஏழு மாதத்தில் முட்டையிடும். சாம்பல் கிளியோ இனப்பெருக்கத்துக்கு வர மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், இறகு அல்லது இரத்த மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பித்தான் பால் பிரித்தறிய முடியும். பரிசோதித்து ஜோடி சேர்த்தாலும் ஒன்றையொன்று ஏற்கும் என்பதற்கு உறுதியில்லை. ஏற்றுக்கொண்ட ஜோடி ஓர் ஈட்டில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு முட்டை வரை இடும். அடைகாலம் சுமார் 28 முதல் 30 நாள்கள். குஞ்சு கூட்டை விட்டு வெளியேறவே ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கும். கையில் பழகிய குஞ்சாக விற்க வேண்டுமானால், சில மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் கண்விழித்து, வெதுவெதுப்பான கூழ் ஊட்ட வேண்டும்.

ஆக, முதல் ஐந்து ஆண்டுகளுக்குச் செலவு நிச்சயம், வரவு நிச்சயமில்லை. தண்ணீர் கட்ட வேண்டும், கறவையைப் பார்க்க வேண்டும், களை எடுக்க ஆள் தேட வேண்டும் என்றிருக்கும் இரண்டு ஏக்கர் விவசாயிக்கு இது ஏற்ற தொழிலன்று.

பெருந்துறை கற்பித்த பாடம்

அயல்நாட்டுப் பறவையைக் காட்டி ஆசை ஏற்படுத்துவது கொங்கு வட்டாரத்துக்குப் புதிதன்று. பக்கத்து மாவட்டமான ஈரோட்டில், பெருந்துறையை மையமாகக் கொண்டு நடந்த ஈமுக் கோழி வளர்ப்பை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். முதலீட்டைப் பெற்றுக்கொண்டு குஞ்சும் தீவனமும் தந்து, மாதந்தோறும் பணமும் தருவதாக விளம்பரங்கள் வந்தன. 2012ஆம் ஆண்டில் இத்திட்டங்கள் சரிந்தன. முதலீடு செய்தவர்கள் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தார்கள். தீவனமின்றிப் பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசு தீவனம் ஏற்பாடு செய்ய நேர்ந்தது.

ஈமுவின் இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் உள்ளூரில் நிலையான சந்தை இல்லை. குஞ்சை வாங்கியவர் பெரும்பாலும் அடுத்து வளர்க்க வந்தவரே. வளர்ப்பவர் வளர்ப்பவருக்கே விற்கும் தொழில், புதிதாக ஆள் சேரும் வரைதான் ஓடும். சாம்பல் கிளியிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். குஞ்சை வாங்கப் போகிறவர் யார்? வீட்டில் வளர்க்க விரும்புபவரா, அல்லது இன்னொரு ஜோடி வைத்துக் குஞ்சு விற்கலாம் என்று எண்ணுபவரா? இரண்டாமவர் என்றால் அந்தத் தொழிலில் கால் வைக்காதிருப்பதே மேல்.

சட்டம் சொல்வது என்ன?

முதலில் நம் நாட்டுப் பச்சைக்கிளி. இது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட பறவை. பனைமரப் பொந்திலிருந்து எடுத்த குஞ்சானாலும் சரி, சந்தையில் வாங்கியதானாலும் சரி, வீட்டில் அடைத்து வளர்ப்பது குற்றம். கிளி ஜோசியத்துக்கும் இது பொருந்தும்.

சாம்பல் கிளி அயல்நாட்டுப் பறவை என்பதால் எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று கூறி விற்கப்படுகிறது. இது தவறு. 1975க்குப் பிறகு ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்து 13 லட்சத்துக்கு மேற்பட்ட சாம்பல் கிளிகள் பிடித்து ஏற்றுமதி செய்யப்பட்டன. பிடிக்கும்போதும் கொண்டு செல்லும்போதும் இறந்தவை இக்கணக்கில் சேராதவை. கானா நாட்டில் 1992க்குப் பிறகு இவற்றின் எண்ணிக்கை நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. ஆகவே 2016இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் கூடிய சைட்டீஸ் உடன்படிக்கை நாடுகள் இப்பறவையை மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தன. 2017 ஜனவரி முதல் காட்டில் பிடித்த சாம்பல் கிளிகளின் பன்னாட்டு வாணிகம் தடை செய்யப்பட்டுள்ளது.

இந்தியாவில் வன உயிரினச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி சாம்பல் கிளி நான்காம் அட்டவணையில் அடங்கும். 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, இத்தகைய உயிரினத்தை வைத்திருப்போர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வாயிலாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பறவை கைமாறினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். குஞ்சு உற்பத்தி செய்வதற்கு மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தனியே உரிமம் பெற வேண்டும்.

ஆகவே, ரசீதும் பதிவுச் சான்றும் இல்லாமல் விற்கப்படும் கிளி எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்கக் கூடாது. பட்டா இல்லாத நிலத்தை எந்த விவசாயியும் கிரயம் வாங்க மாட்டார். கிளிக்கும் அதே எச்சரிக்கை வேண்டும்.

பனியன் வட்டாரத்து வீட்டில் கிளி

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரங்களில் விவசாயக் குடும்பம் என்றாலும் வீட்டில் ஓரிருவர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களாகவே இருப்பார்கள். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குத்தான் வீடு திரும்புவார்கள். அத்தகைய வீட்டில் கிளி பன்னிரண்டு மணி நேரம் தனியே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சினால் போதாது. நாள்தோறும் குறைந்தது இரண்டு மூன்று மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே, ஆளின் பார்வையில், அது இருந்தாக வேண்டும். தோட்டத்துச் சாளையில் பகல் முழுவதும் இருக்கும் பாட்டனோ பாட்டியோ மனமுவந்து பொறுப்பேற்றால் மட்டுமே வளர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

இந்த வட்டாரத்துக்கே உரிய வேறு சில ஆபத்துகளும் உள்ளன.

பனியன் வேஸ்ட் துணியைக் கூண்டின் அடியில் விரிப்பது வழக்கம். வீட்டில் பிசிறு வெட்டும் வேலை நடந்தால் நூல் துணுக்குகள் எங்கும் பறக்கும். இந்நூல் கிளியின் விரலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் நின்று விரலே அழுகி விழும். விழுங்கினால் இரைப்பையில் திரண்டு அடைக்கும். கூண்டின் அடியில் மை நன்கு உலர்ந்த செய்தித்தாள் விரித்து, அதை நாள்தோறும் மாற்றுவதே நல்லது.

இஸ்திரிப் பெட்டியின் அடியில் மாட்டும் டெஃப்லான் தகடும், அதே பூச்சுள்ள தோசைக் கல்லும் அளவுக்கு மீறிச் சூடேறினால் வெளிவரும் புகை மனிதர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதே அறையில் உள்ள பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். பறவைகளின் நுரையீரலுடன் காற்றுப் பைகள் இணைந்திருப்பதால் நச்சுப் புகை அவற்றை எளிதில் தாக்குகிறது. இஸ்திரி போடும் அறையிலும் சமையலறையிலும் கூண்டு வைக்கவே கூடாது. கொசுவர்த்திப் புகையும் ஆகாது.

சாம்பல் கிளியின் இறகிலிருந்து வெள்ளை மாவு போன்ற தூள் எப்போதும் உதிர்ந்துகொண்டிருக்கும். பஞ்சுத் தூசியில் வேலை செய்து இழுப்பு, இருமலுக்கு ஆளானவர் வீட்டில் இருந்தால், இந்தத் தூள் அவர்களுடைய துன்பத்தைக் கூட்டும். அத்தகைய வீட்டில் இக்கிளியைத் தவிர்ப்பதே முறை.

கூண்டு குறைந்தது மூன்று அடி அகலமும், இரண்டு அடி ஆழமும், நான்கு அடி உயரமும் இருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ் கம்பியைக் கொண்டு மலிவாகக் கூண்டு செய்வதுண்டு. கிளி அக்கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும். துத்தநாகம் உடலில் சேர்ந்து நஞ்சாகும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே ஏற்றது. உட்காரும் குச்சிகளை மருந்து அடிக்காத கொய்யா, வேம்புக் கிளைகளிலிருந்து பருமனில் வேறுபட்டவையாக வெட்டி வைக்கலாம். கடித்துப் பொழுதுபோக்கத் தேங்காய் மட்டை, சோளத் தட்டை போன்றவை போதும். விசைத்தறி ஓடும் வீடுகளில் இரவிலும் விளக்கும் ஓசையும் ஓயாது. கிளிக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேர இருளும் அமைதியும் தேவை. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று நேரே படாதவாறும், சித்திரை வெயில் தாக்காதவாறும் கூண்டை அமைக்க வேண்டும்.

தீவனம்

விவசாயியின் வீட்டில் எளிதில் செய்யக் கூடியது இதுவே. தவறுகள் மிகுதியாக நடப்பதும் இதில்தான். சூரியகாந்தி விதையையே மூன்று வேளையும் கொடுப்பது பலருடைய வழக்கம். இதில் கொழுப்பு அதிகம். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் ஏ சத்தும் மிகக் குறைவு. சாம்பல் கிளிகளுக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு எளிதில் ஏற்படும். அது முற்றினால் உடல் நடுங்கி, வலிப்பு வந்து, குச்சியிலிருந்து விழும்.

கிளிகளுக்கென்றே தயாரித்த குருணைத் தீவனம் பாதிக்கு மேல் இருக்கட்டும். மீதிக்கு முருங்கைக் கீரை, கேரட், மஞ்சள் பூசணி, பப்பாளி, கொய்யா, முளைகட்டிய பச்சைப்பயறு, கேழ்வரகு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். சூரியகாந்தி விதையையும் நிலக்கடலையையும் பழக்குவதற்குக் கொடுக்கும் தின்பண்டமாக மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். உண்ட சுண்ணாம்புச் சத்து உடலில் சேர, காலை இளவெயிலில் அரை மணி நேரம் கூண்டை வெளியே வைப்பது நலம். பாதிக் கூண்டு நிழலில் இருக்கட்டும். வாரம் இரண்டு மூன்று முறை தண்ணீரைப் பனிபோல் தெளித்துவிட வேண்டும்.

வெண்ணெய்ப் பழம், சாக்லேட், காபி, தேநீர், வெங்காயம், உப்பிட்ட பண்டங்கள் ஆகியவற்றை அறவே கொடுக்கக் கூடாது. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையும் மக்காச்சோளமும் கோழிக்கும் மாட்டுக்கும் ஆகாதது போலவே கிளிக்கும் ஆகா. பூஞ்சணத்தால் வரும் நுரையீரல் நோய்க்குச் சாம்பல் கிளி எளிதில் இரையாகும். விதைநேர்த்தி செய்து மீந்துபோன மக்காச்சோளம், சூரியகாந்தி விதைகளைக் கிளிக்குப் போட்டால் அன்றே இறந்துபோகவும் கூடும். மருந்து தெளித்த வயலின் கீரையும் வேண்டாம். பிராய்லர் தீவனம் கோழிக்குஞ்சு விரைவில் எடை கூடுவதற்கென்று மருந்து கலந்து தயாரிக்கப்படுவது, கிளிக்கு உகந்ததன்று.

பறவைகள் நோயை வெளிக்காட்டாமல் மறைக்கும். எனவே வாரம் ஒருமுறை கிராம் கணக்குக் காட்டும் தராசில் எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். உடுமலைப்பேட்டையிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

கோழிக் கொட்டகை உள்ளவர்கள் கவனத்துக்கு

பல்லடம் வட்டாரத்தின் பிழைப்புக்குப் பெருந்துணையாக இருப்பது பிராய்லர் வளர்ப்பு. கொட்டகை வைத்திருக்கும் விவசாயி, அதே தோட்டத்தில் வெளிநாட்டுக் கிளி வளர்ப்பது கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக் கழிச்சல் நோயின் கிருமி கிளிகளிடமும் இருக்கும். சில கிளிகள் நோய்க்குறி எதுவும் காட்டாமலே ஓராண்டுக்கு மேலும் எச்சத்தில் கிருமியை வெளியேற்றும். 1971இல் அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் இந்நோய் பரவியபோது, அதை ஒழிக்க ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் கோழிகளும் பிற பறவைகளும் அழிக்கப்பட்டன. இறக்குமதியான கிளிகளும் பிற அலங்காரப் பறவைகளுமே நோயைக் கொண்டுவந்தவை என்று கண்டறியப்பட்டது. ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்கு வளர்ப்புக் கூலியை நம்பியிருக்கும் விவசாயி, ஒரு கிளியின் ஆசைக்காக அந்தக் கொட்டகையைப் பணயம் வைக்கலாமா?

கிளிக் காய்ச்சல் எனப்படும் நோய் மனிதர்களையும் தாக்கி நுரையீரல் அழற்சியில் கொண்டுவிடும். கொட்டகை இல்லாத வீடானாலும், புதிதாக வாங்கிய கிளியை ஒரு மாதத்துக்குக் குறையாமல் மற்றப் பறவைகளிடமிருந்து தனியே வைத்துக் கண்காணிக்க வேண்டும். எச்சத்தை உலர்ந்த நிலையில் கூட்டாமல், ஈரப்படுத்தி அகற்றிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

செய்ய வேண்டியது

சாம்பல் கிளி வளர்ப்பதே தவறு என்பதன்று இங்கே கருத்து. பகலில் ஆள் இருக்கும் வீடு, பதிவுச் சான்றுள்ள பறவை, தோட்டத்தில் கோழிக் கொட்டகை இல்லை, தனக்குப் பின் பார்த்துக்கொள்ள ஒருவர் உண்டு என்னும் நான்கும் அமைந்த குடும்பத்துக்கு, முதியவர்களின் தனிமையைப் போக்கும் துணையாக ஒரு கிளி இருக்கலாம். நான்கில் ஒன்று குறைந்தாலும் வாங்காதிருப்பதே சரி. உபதொழில் என்ற எண்ணத்தில் ஜோடிகள் வாங்கிப் போடுவதைச் சிறு விவசாயிகள் முற்றிலும் கைவிட வேண்டும்.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் பயந்துபோய்ப் பறக்கவிடுவதும் கூடாது. கூண்டில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. காக்கையும் பூனையும் ஓரிரு நாளில் அதை முடித்துவிடும். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதையாகிவிடும். வனத்துறை அலுவலகத்தை அணுகிப் பதிவு நிலையைக் கேட்டறிந்து முறைப்படுத்திக்கொள்வதே வழி.

அரசுத் துறைகளுக்கும் இதில் பங்கு உண்டு. இணையதளத்தில் பதிவு செய்வது கிராமத்து விவசாயிக்கு எளிதன்று. கால்நடை மருத்துவ முகாம்கள் நடக்கும் நாளில் வனத்துறையும் உடனிருந்து, தமிழில் விளக்கிப் பதிவு செய்துகொடுத்தால் பலர் தாமாகவே முன்வருவார்கள். கிராமக் கால்நடை மருந்தகங்களின் மருத்துவர்களுக்கு அலங்காரப் பறவைகளின் நோய் பற்றிய குறுகிய காலப் பயிற்சி அளிப்பதும் தேவை. சான்றில்லாமல் விற்கும் கடைகளை விட்டுவிட்டு, வாங்கிய விவசாயியை மட்டும் பிடிப்பது நியாயமாகாது.

கையில் சேரும் பணத்தை எதில் போடுவது என்று எண்ணும் சிறு விவசாயிக்கு, தான் அறிந்த கறவையும் ஆடும் தோட்டத்துத் தண்ணீர் வசதியுமே இன்றும் நம்பகமான முதலீடு. சாம்பல் கிளி முதலீடு அன்று. பணத்தைக் காட்டிலும் நேரத்தைத்தான் அது மிகுதியாகக் கேட்கிறது. அந்த நேரம் தம்மிடம் உண்டா என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.